பெயர் போடும்போதே படம் தொடங்கிவிட்டது
வாசகர் கேள்வி – பதில்

புதுச்சேரி, கடலூர் வட்டாரத்தில் விஸ்காமும் (காட்சித் தொடர்பியல்) இதழியலும் படிக்கும் பிள்ளைகள் அனுப்பிய கேள்விகள் பெரும்பாலும் ஒரே அசைன்மென்ட்டைச் சுற்றித்தான் வருகின்றன: ஒரு படத்தின் தொடக்க டைட்டிலை ஆராய்ந்து, அந்தப் படம் யாருக்காக எடுக்கப்பட்டது என்று எழுதுக. நடுவே ஒரு அம்மாவும் ஒரு குறும்பட எடிட்டரும் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் கேள்விக்கும் பதில் உண்டு.

கே: டைட்டில் அனாலிசிஸை எங்கிருந்து தொடங்குவது? திரும்பத் திரும்பப் பார்த்தும், எழுத உட்கார்ந்தால் ‘டைட்டில் நன்றாக இருந்தது’ என்பதற்கு மேல் ஒரு வரி வரவில்லை.
— விஸ்காம் இரண்டாம் ஆண்டு மாணவி, லாஸ்பேட்டை

திரும்பத் திரும்ப முழுதாகப் பார்ப்பதுதான் சிக்கலே. முழுதாகப் பார்க்கும்போது கவனம் கதைக்குப் போய்விடும், எழுத்தும் சத்தமும் தனித்தனியாகப் பிடிபடாது. மூன்று சுற்று போதும். ஆனால் ஒவ்வொரு சுற்றும் வேறு மாதிரி இருக்க வேண்டும்.

முதல் சுற்றில் லேப்டாப் திரையைத் துணி போட்டு மூடிவிட்டுக் கேட்க மட்டும் செய்யுங்கள். இசை எந்த நொடியில் தொடங்குகிறது, எங்கே நிற்கிறது, நடுவில் தெருச் சத்தமோ வசனமோ உண்டா என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது சுற்று மியூட்டில். மூன்றாவது சுற்று ஃபிரேம் ஃபிரேமாக, அதாவது ஒவ்வொரு நிலைப்படமாக. விஎல்சி பிளேயரில் ‘ஈ’ விசையை ஒருமுறை தட்டினால் ஒரு ஃபிரேம் நகரும். ஷிஃப்ட்டோடு ‘எஸ்’ஸைச் சேர்த்து அழுத்தினால் அந்த ஃபிரேம் படமாகச் சேமிக்கப்படும். சினிமா நொடிக்கு 24 ஃபிரேம். அதனால் ஒரு கார்டு, அதாவது ஒரு பெயரோ வாசகமோ திரையில் நிற்கும் துண்டு, 48 ஃபிரேம் நின்றால் இரண்டு நொடி என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம்.

பிறகு ஒரு அட்டவணை போடுங்கள். நேரம், திரையில் உள்ள வாசகம், எழுத்தின் உருவமும் நிறமும், பின்னால் ஓடும் காட்சி, சத்தம் என்று ஐந்து கட்டங்களை எல்லாரும் போடுகிறார்கள். ஆறாவதாக ஒன்று சேருங்கள்: ‘இதைப் போட்டது யார்?’ நம் ஊர்ப் படத்தின் தொடக்கத்தில் மூன்று பேரின் கை இருக்கிறது. தணிக்கைச் சான்றிதழையும் புகையிலை எச்சரிக்கையையும் போட வைத்தது சட்டம். யார் பெயர் முதலில், யார் பெயர் தனிக் கார்டில், யாருக்கு ‘சிறப்புத் தோற்றம்’ என்பதெல்லாம் பெரும்பாலும் ஒப்பந்தத்தில் பேசி முடித்தவை. எழுத்தின் உருவம், பின்னணிக் காட்சி, இசை, வேகம் ஆகியவைதான் டைரக்டரும் அவரோடு வேலை செய்தவர்களும் தேர்ந்தெடுத்தவை. இந்த மூன்றையும் ஒன்றாகக் குழைத்து, ‘தொடக்கத்திலேயே புகையிலை எச்சரிக்கையை வைத்து இயக்குநர் சமூக அக்கறையைக் காட்டுகிறார்’ என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். 2012 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, புகைபிடிக்கும் காட்சி உள்ள படத்தில் குறைந்தது 30 நொடி விழிப்புணர்வுப் படமும் 20 நொடி எச்சரிக்கையும் தொடக்கத்திலும் இடைவேளைக்குப் பின்பும் வர வேண்டும். இதில் டைரக்டரின் அக்கறைக்கு இடமே இல்லை.

அட்டவணை முடிந்ததும் எழுதத் தொடங்குங்கள். ‘சிவப்பு எழுத்து ஆபத்தைக் குறிக்கிறது’ என்ற வாக்கியத்தை மட்டும் தொடாதீர்கள். குங்குமமும் சிவப்பு, கட்சிக்கொடியும் சிவப்பு, கல்யாணப் பத்திரிகை எழுத்தும் சிவப்பு. ‘முதல் ஏழு பெயர்களும் வெள்ளையில் மூன்று நொடி நிற்கின்றன, எட்டாவதாக வில்லன் நடிகரின் பெயர் மட்டும் சிவப்பில், ஒரு நொடி கூடுதலாக, இசை அறுந்த இடத்தில் வருகிறது’ என்று எழுதினால் அது சான்று. அதற்குப் பிறகு ஆபத்து என்ற சொல்லை நீங்கள் எழுதவே தேவையிருக்காது.

கே: ‘யு’ சான்றிதழ் என்றால் குழந்தைகளுக்கான படம் என்று இலக்குப் பார்வையாளர் பகுதியில் எழுதலாமா?
— மாணவர், மஞ்சக்குப்பம்

கூடாது. சான்றிதழ் யார் பார்க்கலாம் என்று சொல்கிறது. ‘யு’ என்றால் எல்லா வயதினரும் பார்க்கலாம், அவ்வளவுதான். யாருக்காக எடுத்தார்கள் என்பது வேறு கேள்வி. தமிழ்நாட்டில் இதற்கு வரிக் கணக்கும் உண்டு. 2006-ல் தமிழில் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரிவிலக்கு வந்தது. 2011-ல் அதற்கு ‘யு’ சான்றிதழும் வேண்டும் என்று நிபந்தனை சேர்ந்தது. அதன்பின் அடிதடிப் படத்தைக்கூட நாலு இடத்தில் வெட்டி ‘யு’ வாங்கத் தயாரிப்பாளர்கள் முயன்றதற்குக் காரணம் குழந்தைகள் மேல் வந்த பாசம் இல்லை. 2017-ல் ஜிஎஸ்டி வந்தபிறகு கணக்கு மாறியது. ஆக, அந்த ஆண்டுகளின் படத்தை எடுத்தால் தலைப்புத் தமிழையும் ‘யு’ எழுத்தையும் பார்வையாளர் பற்றிய சான்றாக வைக்கும் முன் வெளியான ஆண்டைப் பாருங்கள்.

சான்றிதழ் கார்டிலேயே படிக்க நிறைய இருக்கிறது. படத்தின் நீளம், மொழி, தேதி, பார்த்த குழுவினரின் பெயர் எல்லாம் இருக்கும். 1983 தணிக்கை விதிகளின்கீழ் வந்த சான்றிதழ்களில் இடது கீழ்மூலையில் முக்கோணம் இருந்தால் தணிக்கையில் வெட்டு விழுந்திருக்கிறது என்று பொருள். எதை வெட்டினார்கள் என்பது சான்றிதழின் இரண்டாம் பகுதியில் இருக்கும். ஃபிரேமை நிறுத்திப் படிக்காமல் விட்டால் இதெல்லாம் தவறிப்போகும்.

கே: என் மகனுக்குப் பதினொன்று வயது. ‘யுஏ 13+’ என்று போட்ட படத்துக்கு அவனைக் கூட்டிப்போனால் தியேட்டரில் திருப்பி அனுப்புவார்களா?
— இல்லத்தரசி, பண்ருட்டி

மாட்டார்கள் அம்மா. திரைப்படத் தணிக்கைக்கான 2023 திருத்தச் சட்டத்தையும் 2024 விதிகளையும் அடுத்து, பழைய ‘யுஏ’ மூன்றாகப் பிரிந்து 7+, 13+, 16+ என்று வருகிறது. இவை பெற்றோருக்கான எச்சரிக்கை. முடிவு உங்கள் கையில். ‘ஏ’ அப்படி இல்லை, பதினெட்டு நிரம்பாதவரை உள்ளே விடக்கூடாது என்பது சட்டம். நீங்கள் கூட இருந்தாலும் செல்லாது. ஓடிடி தளங்களில் இதேபோன்ற வயதுப் பிரிவுகளை 2021 விதிகளின்படி அந்தந்தத் தளமே போட்டுக்கொள்கிறது, தணிக்கைக் குழு போடுவதில்லை.

கே: பெரிய ஹீரோ படங்களில் வரும் பட்டப்பெயர் கார்டைப் பற்றி எழுதினால் அது ‘ஆய்வு’ ஆகுமா, ரசிகர் புராணம் ஆகிவிடுமா?
— இதழியல் மாணவர், வில்லியனூர்

எப்படி எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தமிழ் சினிமாவில் இலக்குப் பார்வையாளரை நேரடியாகக் காட்டும் இடம் இதைவிட வேறு இல்லை என்பது எங்கள் கருத்து. விஸ்காம் பிள்ளைகள் ஏனோ இதை எழுதக் கூச்சப்பட்டுக்கொண்டு ஹாலிவுட் பக்கம் ஓடுகிறார்கள்.

1992-ல் வந்த ‘அண்ணாமலை’யில்தான் ரஜினிகாந்துக்கு அந்தப் புள்ளி எழுத்து ‘சூப்பர் ஸ்டார்’ கார்டும் தேவாவின் இசைத்துணுக்கும் வந்தன. பிறகு வந்த அவர் படங்களில் அது ஒரு முத்திரையாகவே நிலைத்தது. அதைத் தகவல் என்ற கோணத்தில் பாருங்கள்: அந்த நொடிகளில் புதிய தகவல் எதுவும் இல்லை. யார் நடித்த படம் என்று தெரியாமல் யாரும் டிக்கெட் எடுத்திருக்க மாட்டார்கள். எழுத்து ஒவ்வொன்றாக வருகிறது, ஒவ்வொன்றுக்கும் ஓர் அடி இசை. முதல் காட்சிக்கு வந்த மன்றத்துக் கூட்டம் விசிலடிக்கவும் சேர்ந்து கத்தவும் அளந்து கொடுத்த இடைவெளி அது. டிவியில் தனியாகப் பார்ப்பவருக்கு அதே கார்டு நீளமாகத் தோன்றுவது அதனால்தான். இப்படி எழுதினால் அது ஆய்வு.

இன்னும் பின்னால் போனால் 1958-ன் ‘நாடோடி மன்னன்’. எம்.ஜி.ஆரே தயாரித்து இயக்கிய படம். அவருடைய நிறுவனச் சின்னத்தில் ஆணும் பெண்ணும் சேர்ந்து திமுக கொடியைப் பிடித்து நிற்பார்கள். திமுக முதன்முதலாகத் தேர்தலில் நின்றது 1957-ல். அடுத்த ஆண்டே அந்தக் கொடி திரையில் ஏறுகிறது. கதை தொடங்கும் முன்பே அரங்கில் ஒரு பகுதியினருக்கு ‘இது நம்ம படம்’ என்று சொல்லியாகிவிட்டது.

மூன்றாவது உதாரணத்தில் எழுத்தே தேவைப்படவில்லை. பாரதிராஜா தன் படங்களின் தொடக்கத்தில் சொந்தக் குரலில் ‘என் இனிய தமிழ் மக்களே’ என்று விளிப்பார். இலக்குப் பார்வையாளர் யார் என்று படமே வாய்விட்டுச் சொல்வது இதில்தான். உறவு (‘என்’), இன்மொழி, மொழியடையாளம் மூன்றும் ஒரே விளியில் வந்துவிடுகின்றன. நகரத்துப் படித்தவர், கிராமத்து உழவர் என்ற பிரிவை அந்த விளி வேண்டுமென்றே அழிக்கிறது. ஊடக ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால் 1973-ல் எழுதிய குறியாக்கம்–குறியவிழ்ப்புக் கோட்பாட்டை (எடுத்தவர் வைத்த பொருளைப் பார்ப்பவர் தன் வழியில் எடுத்துக்கொள்வது) ஒட்ட வைக்க வேண்டுமானால் இங்கே ஒட்டுங்கள்: விளியை அப்படியே ஏற்பவர், பாதி ஏற்பவர், ‘என்னை ஏன் இதில் சேர்க்கிறாய்’ என்று விலகுபவர். மூவருக்கும் ஆள் கிடைப்பார்கள்.

கே: இலக்குப் பார்வையாளரை ‘ஏ சென்டர், பி சென்டர், சி சென்டர்’ என்று பிரித்து எழுதினேன். ஆசிரியர் சிவப்பு மையால் அடித்துவிட்டார். வியாபாரத்தில் எல்லாரும் அப்படித்தானே சொல்கிறார்கள்?
— மாணவர், கடலூர் முதுநகர்

வியாபாரத்தில் சொல்கிறார்கள், சரி. ஆனால் அது தியேட்டர் இருக்கும் ஊரைப் பெருநகரம், சிறுநகரம், கிராமம் என்று பிரிப்பது, ஆளைப் பிரிப்பது இல்லை. உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1993-லேயே தென்னாற்காடு மாவட்டம் கடலூர், விழுப்புரம் என்று பிரிந்துவிட்டது. விநியோகஸ்தர்கள் இன்னமும் ‘சவுத் ஆற்காடு’ என்றுதான் சொல்கிறார்கள். வடாற்காடு, தென்னாற்காடு, செங்கல்பட்டு மூன்றையும் சேர்த்து ‘என்எஸ்சி’ ஏரியா என்பார்கள். ஒரு படத்தின் உரிமையை விற்க இந்தப் பிரிவு உதவும். நெய்வேலி டவுன்ஷிப்பில் இருக்கும் என்ஜினீயரும் அதே ஏரியாவில் முந்திரிக் காட்டில் வேலை செய்பவரும் ஒரே படத்துக்கு ஏன் வருகிறார்கள் என்று சொல்ல உதவாது.

ஆளைப் பிரிக்க இரண்டு வழி. ஒன்று மக்கள்தொகை வழி: வயது, பாலினம், மொழி, ஊர், வருமானம். பிரிட்டன் பாடப்புத்தகத்தைப் பார்த்து ஏ, பி, சி1, சி2, டி, ஈ என்று எழுதுகிறார்கள். அது அந்த நாட்டுத் தொழில்வகையை வைத்துச் செய்தது, நம் ஊருக்குப் பொருந்தாது. இங்கே விளம்பரத்துறையில் 2011-லிருந்து என்சிசிஎஸ் (புதிய நுகர்வோர் வகைப்பாட்டு முறை) என்ற வகைப்பாடு இருக்கிறது. குடும்பத்தில் முதன்மையாகச் சம்பாதிப்பவரின் படிப்பு, அதோடு மின் இணைப்பு, மின்விசிறி, கேஸ் அடுப்பு, இருசக்கர வாகனம், கலர் டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கம்ப்யூட்டர், கார், ஏசி, விவசாய நிலம் என்ற 11-ல் எத்தனை வீட்டில் இருக்கின்றன என்ற எண்ணிக்கை. இந்த இரண்டையும் வைத்து ஏ1 முதல் ஈ3 வரை 12 படிகள். வருமானத்தைக் கேட்டால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள், வாஷிங் மெஷின் இருக்கிறதா என்றால் சொல்லிவிடுவார்கள். அந்த நடைமுறை அறிவில் பிறந்த முறை.

இரண்டாவது வழி மனநிலை சார்ந்தது. ஒருவர் படத்திடம் எதை எதிர்பார்த்து வருகிறார்? கட்ஸ், ப்ளம்லர் ஆகியோர் 1970-களில் முன்வைத்த பயன்பாடு–நிறைவுக் கோட்பாடு இதற்கு உதவும். தகவல், அடையாளம், உறவாடல், பொழுதுபோக்கு என்ற நான்கில் டைட்டில் எதை முன்னிறுத்துகிறது என்று கேளுங்கள். ‘15 முதல் 35 வயது ஆண், பெண்’ என்று எழுதிவிட்டு நிற்பவர்கள்தான் அதிகம். அது ஊரில் பாதிப்பேர். ‘நண்பர்களோடு முதல் வாரத்தில் வருபவர், வில்லன் யார் என்று ஊகிப்பதில் இன்பம் காண்பவர்’ என்று எழுதி, அதை எந்தக் கார்டு சொல்கிறது என்று நொடியைக் குறிப்பிட்டால் ஆசிரியரின் சிவப்பு மைக்கு வேலை இருக்காது.

கே: புதுச்சேரி சம்பந்தப்பட்ட படம் என்பதால் ‘லைஃப் ஆஃப் பை’யை எடுத்திருக்கிறேன். தொடக்கத்தில் விலங்குகள் மட்டும்தானே வருகின்றன, இதில் எழுத என்ன இருக்கிறது?
— மாணவி, காலாப்பட்டு

நிறைய இருக்கிறது, நல்ல தேர்வு. 2012-ல் வந்த ஆங் லீயின் படம். மூல நாவல் 2002-ல் புக்கர் பரிசு பெற்றது. ஆகவே படத்துக்கு முன்பே இரண்டு கூட்டம் தயாராக இருக்கிறது: நாவலைப் படித்த பெரியவர்கள், விலங்குப் படம் என்று பிள்ளைகளைக் கூட்டிவரும் குடும்பங்கள். இரண்டு கூட்டத்துக்கும் ஒரே டைட்டில் காட்சி எப்படிப் பதில் சொல்கிறது என்பதுதான் உங்கள் கேள்வி.

காட்சியைப் பாருங்கள். விலங்குக் காட்சிசாலையில் ஒவ்வொரு விலங்காக வருகிறது. அவசரமில்லை, வெட்டுகள் குறைவு. மனிதர் யாரும் முதன்மை இல்லை, நட்சத்திர முகம் இல்லை. நட்சத்திரத்தை வைத்து ஆளை இழுக்கும் படம் அல்ல என்று அதிலேயே தெரிகிறது. முப்பரிமாணத்தில் வெளியான படம் என்பதால் விலங்குக்கும் எழுத்துக்கும் நடுவே உள்ள ஆழம் டைட்டிலிலேயே கண்ணைப் பழக்கி வைக்கிறது. நீங்கள் லேப்டாப்பில் தட்டையாகப் பார்த்தால் இந்த வேலை தெரியாது. அதை உங்கள் ஆய்வின் வரம்பாக ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

இப்போது சத்தம். பின்னணியில் பம்பாய் ஜெயஸ்ரீ பாடும் தாலாட்டு, தமிழில். 2013 ஆஸ்கர் விழாவில் சிறந்த பாடலுக்கான பரிந்துரைப் பட்டியலில் இடம்பிடித்தது. ஆங்கிலப் படத்தின் வாசலில், ஆங்கில வசனம் ஒன்றுகூட வரும் முன்பு, மொழிபெயர்க்காத தமிழ். தமிழ் தெரியாத கோடிக்கணக்கானோருக்கு அது சொல்லாக எட்டாது. மெட்டும் குரலும்தான் எட்டும்: தூரத்து நாடு, தாய், தூக்கம், ஆபத்தில்லாத இடம். முத்தியால்பேட்டையில் இருந்து பார்ப்பவருக்கோ அது வீட்டுச் சத்தம். அவருக்கு ‘தூரத்து நாடு’ என்ற பொருள் வரவே வராது. ஒரே ஒலித்தடம் இரண்டு பார்வையாளருக்கு இரண்டு வேலை செய்கிறது, முதலாமவர்தான் இலக்கு என்பது எங்கள் வாசிப்பு. நீங்கள் மறுத்து எழுதலாம், ஆனால் மறுப்புக்கும் நொடிக்கணக்கு வேண்டும்.

தாலாட்டின் நிம்மதிக்கு இன்னொரு பயனும் உண்டு. இதே விலங்குகளைப் பிறகு எந்த நிலையில் பார்க்கப்போகிறோம் என்பதை நினைத்தால், இந்தச் சாந்தம் ஒரு ஏற்பாடு என்று புரியும். அதை அசைன்மென்ட்டின் கடைசிப் பத்தியில் தொடுங்கள். முதல் பத்தியிலேயே கதையைச் சொல்லிவிட்டால் டைட்டிலை ஆராய்வது போய்க் கதைச்சுருக்கம் ஆகிவிடும்.

கே: பழைய வெளிநாட்டு உதாரணம் ஒன்று கட்டாயமாம். எதை எடுக்கலாம்?
— மாணவர், நெல்லிக்குப்பம்

ஹிட்ச்காக் இயக்கிய 1960-ன் ‘சைக்கோ’வை எடுங்கள். சால் பாஸ் வடிவமைத்த டைட்டில்: சாம்பல் நிறப் பட்டைகள் கிடையாகவும் நெடுக்காகவும் பாய்கின்றன, பெயர்கள் துண்டாகி வந்து ஒரு கணம் சேர்ந்து மறுபடி பிளக்கின்றன. பெர்னார்ட் ஹெர்மனின் இசையில் தந்திக் கருவிகள் மட்டும். டைட்டில் முடிந்ததும் ஃபீனிக்ஸ் நகரம், டிசம்பர் 11 வெள்ளிக்கிழமை, மதியம் 2:43 என்று எழுத்தில் வருகிறது. அத்தனை பதற்றத்துக்குப் பிறகு அரசு அலுவலகக் குறிப்பு மாதிரி ஒரு தேதி. அந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள மோதலை எழுதுங்கள்.

பார்வையாளர் பகுதிக்கு ஒரு தகவல்: படம் தொடங்கியபின் யாரையும் உள்ளே விடக்கூடாது என்று ஹிட்ச்காக் தியேட்டர்களுக்கு நிபந்தனை போட்டார். அதனால் டைட்டில் ஓடும்போது அரங்கு நிறைந்திருக்கும் என்று நம்பி வடிவமைத்த படம் என்று வாதிடலாம். பெயர் போடும்போது டார்ச் அடித்து சீட் தேடும் நம் பழக்கத்தோடு ஒப்பிடுங்கள், சுவையான பத்தி கிடைக்கும்.

‘செவன்’ (1995) எடுப்பவர்களுக்கு: கைல் கூப்பர் வடிவமைத்தது, கையால் கீறிய எழுத்து. படம் பாதிக்கு மேல் மறைத்து வைக்கும் ஆளின் விரல்களை டைட்டிலிலேயே காட்டிவிடுகிறது. முகம் இல்லை, பெயர் இல்லை. கேள்வியை எழுப்பிவிட்டு விடையைத் தள்ளிப்போடுவதை ரோலான் பார்த் என்ற பிரெஞ்சு விமர்சகர் 1970-ல் புதிர்க் குறியீடு என்றார், அதற்குப் பாடப்புத்தக உதாரணம். எல்லாரும் எடுப்பதால் ஆசிரியருக்கு அலுத்திருக்கும், அது உங்கள் பாடு.

கே: பார்வையாளர் சர்வே எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். கூகுள் ஃபார்மை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டால் போதுமா?
— மாணவி, அரியாங்குப்பம்

போதாது. உங்கள் வகுப்பில் எல்லாரும் ஒரே வயது, ஒரே படிப்பு, பாதிப்பேர் அந்தப் படத்தை ஏற்கெனவே பார்த்தவர்கள். 30 பேர் போதும், ஆனால் கலந்திருக்க வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல், வண்டிப் போக்குவரத்தை நிறுத்திய புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் நின்றால் எல்லா வயதும் கிடைக்கும். ஆனால் வெளியூர்க்காரர்களும் அதிகம், ஊர் எது என்ற கேள்வியைத் தவறாமல் சேருங்கள்.

அதிகம் தெரியாத படத்தைத் தேர்ந்தெடுங்கள். ஹீரோ முகம் தெரிந்தால் பதில் டைட்டிலுக்கு வராது, ஹீரோவுக்கு வரும். படத்தின் பெயர் வரும் முன் நிறுத்துங்கள். பாதிப்பேருக்குச் சத்தமில்லாமல் காட்டுங்கள், மீதிப்பேருக்கு ஹெட்போனில் சத்தம் மட்டும் கொடுங்கள். இரண்டு குழுவின் பதிலும் எங்கே பிரிகிறது என்பதில்தான் உங்கள் கண்டுபிடிப்பு இருக்கும். ‘இது த்ரில்லர் போலத் தோன்றுகிறதா?’ என்று கேட்காதீர்கள், ஆமாம் என்றுதான் சொல்வார்கள். ‘இந்தப் படத்துக்கு யாரைக் கூட்டிக்கொண்டு போவீர்கள்?’ என்று கேளுங்கள். அம்மாவையா, நண்பனையா, யாரையும் இல்லையா என்று சொல்லும்போது வயது, பாலினம், மனநிலை எல்லாம் சேர்ந்து வெளியே வரும்.

கே: குறும்படத்துக்குத் தமிழில் டைட்டில் போட்டால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் போகிறது. ஆங்கிலத்திலேயே போட்டுவிடலாமா என்று யோசிக்கிறோம்.
— எடிட்டர், முதலியார்பேட்டை

ஆங்கிலத்தில் போட்டால் பார்வையாளரே மாறிவிடுவார். சாஃப்ட்வேருக்காக அதைச் செய்யாதீர்கள். கொம்பு இடம் மாறுவதற்குக் காரணம், எழுத்தைக் கோக்கும் எஞ்சின் ஐரோப்பிய மொழிக்கானதாக இருப்பது. யூனிகோடில் ‘கெ’ என்பது க முதலில், கொம்பு பிறகு என்றுதான் பதிவாகிறது. திரையில் அதை முன்னால் கொண்டுவருவது எஞ்சினின் வேலை. பிரீமியர் புரோவில் ப்ரிஃபரன்சஸ் – கிராஃபிக்ஸ் பகுதியில் டெக்ஸ்ட் எஞ்சினை ‘சவுத் ஏஷியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்’ என்று மாற்றிவிட்டு, புது டெக்ஸ்ட் பாக்ஸ் திறந்து அடித்துப் பாருங்கள். போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளிலும் டைப் அமைப்பில் இதேபோல் உண்டு, அடுத்துத் திறக்கும் புது ஃபைலில்தான் பலிக்கும். எதுவும் ஒத்துவரவில்லை என்றால் இங்க்ஸ்கேப்பில் அடித்து, எழுத்தைப் பாதையாக மாற்றி, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாகக் கொண்டுவாருங்கள்.

எஞ்சின் சரியானபின் இன்னும் இரண்டு வம்பு இருக்கிறது. த்ரில்லர் பாணியில் எழுத்துகளுக்கு நடுவே அகல இடைவெளி விடுவது ஆங்கிலத்துக்கு அழகு. தமிழில் விட்டால் துணைக்காலும் கொம்பும் தன் எழுத்தைவிட்டு விலகி, சொல் உதிர்ந்துபோகும். இடைவெளியைப் பூஜ்யத்தில் வைத்து, அளவையும் கனத்தையும் மாற்றுங்கள். அடுத்தது டைப்ரைட்டர் அனிமேஷன். ஒவ்வொரு குறியாக வரும்போது ‘க்’ என்பது முதலில் ‘க’ என்று தோன்றி, பிறகு புள்ளி பொத்தென்று விழும். ‘நீ’ ஒரு கணம் ‘ந’வாக நிற்கும். படிப்பவர் கண்ணுக்கு அது பிழை. சொல் சொல்லாக வரவிடுங்கள், அல்லது இடமிருந்து வலமாக மாஸ்க் (எழுத்தை மறைக்கும் திரை) போட்டுத் திறங்கள். கையால் எழுதுவது போலவே இருக்கும்.

கறுப்பின் மேல் மெல்லிய சிவப்பு எழுத்து யூடியூபில் ஏற்றியதும் பிசிறடிப்பதற்குக் காரணம் வேறு. வழக்கமான எச்.264 வீடியோ கோப்பில் வெளிச்சம் முழுத் தெளிவோடும், நிறம் அகலத்திலும் உயரத்திலும் பாதித் தெளிவோடும்தான் சேமிக்கப்படுகிறது. சிவப்பு எழுத்தின் விளிம்பு கிட்டத்தட்ட முழுக்க நிறத்தை நம்பியிருப்பதால் அது கெடுகிறது. தடித்த எழுத்து எடுங்கள், அல்லது வெள்ளைக்கு மாறுங்கள்.

கே: எங்கள் புராஜெக்ட், டைட்டிலோடு சேர்ந்து இரண்டு நிமிடத்துக்குள் ஒரு படத் தொடக்கம். எத்தனை கார்டு போடலாம், எந்த வரிசையில்?
— மூன்றாம் ஆண்டு மாணவர்கள், திருப்பாதிரிப்புலியூர்

12 கார்டுக்கு மேல் போகாதீர்கள். ஒரு கார்டுக்கு மூன்று நொடி என்றால் 36 நொடி. அதில் தோன்றவும் மறையவும் 12 ஃபிரேம் வீதம் கொடுத்தால் முழுதாகத் தெரிவது இரண்டு நொடிதான். வாசகத்தை வாய்விட்டு ஒருமுறை நிதானமாகவும் இன்னொருமுறை வேகமாகவும் படியுங்கள். அதற்குள் கார்டு மறைந்தால் நேரம் போதவில்லை. தமிழ்ப்பெயர்கள் நீளம், இனிஷியல் வேறு, ஆங்கிலக் கணக்கைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வையுங்கள்.

வரிசைக்கு நம் ஊர் வழக்கமே நல்லது: நிறுவனம், முதன்மை நடிகர், படத்தின் பெயர், மற்ற நடிகர்கள், கலை, படத்தொகுப்பு, ஒளிப்பதிவு, இசை, தயாரிப்பு, கடைசியாக இயக்கம். ஒரே ஆள் நான்கு வேலை செய்திருந்தால் நான்கு கார்டில் அவர் பெயரையே போடாதீர்கள், அரங்கில் சிரிப்பார்கள். ஒரே கார்டில் சேருங்கள். கல்லூரி ப்ரொஜெக்டர்கள் ஓரத்தை விழுங்கும். 1920-க்கு 1080 அளவில் இருபக்கமும் 192 பிக்ஸல், மேலும் கீழும் 108 பிக்ஸல் விட்டு உள்ளே எழுதுங்கள்.

கே: வகுப்பில் பிரசன்ட் பண்ண, படத்தின் டைட்டில் பகுதியை வெட்டிப் போட்டுக் காட்டினால் காப்புரிமைப் பிரச்சினை வருமா?
— மாணவி, பாகூர்

வகுப்புக்குள் பாடத்துக்காகவும் விமர்சனத்துக்காகவும் காட்டுவதற்கு 1957 காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் இடம் இருக்கிறது. அதே துண்டை உங்கள் யூடியூப் சேனலில் ஏற்றினால் கதை வேறு. தளத்தின் தானியங்கிச் சோதனை இசையை அடையாளம் கண்டு முடக்கிவிடலாம், அந்த இயந்திரத்துக்கு உங்கள் செமஸ்டர் தெரியாது. சேனலில் போடத்தான் வேண்டும் என்றால் அசையும் துண்டுக்குப் பதில் நான்கைந்து ஃபிரேம்களைப் படமாக வைத்து, உங்கள் குரலில் விளக்குங்கள்.